குப்பைமேட்டின் மீத்தேனை லேசரால் அளப்பது எப்படி

குப்பைமேட்டின் மேல் கையடக்க உணரியை நீட்டினால் கிடைப்பது அந்த ஒரு புள்ளியின் எண் மட்டும். நான்கடி தள்ளிப் போனால் அது பத்து மடங்கு மாறலாம். மேட்டில் வாயு சீராகக் கசிவதில்லை. மூடிய மண்ணில் வெடிப்பு விட்ட இடம், சரிவின் ஓரம், அண்மையில் கிளறிவிட்ட பகுதி என்று தனக்கு வசதியான வழியில் வெளியேறும். அதனால்தான் லேசர்க் கற்றையை மேட்டின் ஓரமாக 100, 150 மீட்டர் ஓடவிட்டு, எதிர்முனையில் ஒரு ப்ரிஸத்தில் திருப்பி வாங்கும் முறை பயன்படுகிறது. அந்தக் கோடு முழுவதுக்குமான சராசரி ஒரே எண்ணாக வந்துவிடும்.

கருவி தருவது பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அல்ல, அதைக் கற்றை போன தூரத்தால் பெருக்கிய பிபிஎம்-மீட்டர். 1.9 பிபிஎம் மீத்தேன் உள்ள சாதாரணக் காற்றில் கற்றை 100 மீட்டர் போய் 100 மீட்டர் திரும்பினால் 380 பிபிஎம்-மீட்டர். முதல் 50 மீட்டரில் அடர்த்தியாக இருந்ததா, கடைசி 50 மீட்டரிலா என்பதை இந்த எண் சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் துடிப்பு லேசரும் தொலைநோக்கியும் கொண்ட லைடார் வேண்டும். அதில் ப்ரிஸம் இல்லை. மீத்தேன் விழுங்கும் அலைநீளத்தில் ஒரு துடிப்பு, விழுங்காத அலைநீளத்தில் ஒரு துடிப்பு என்று அனுப்பி, காற்றிலுள்ள தூசு சிதறடித்துத் திருப்பும் ஒளியை நேரத்தோடு பதிவார்கள். ஒரு மைக்ரோநொடித் தாமதம் என்றால் 150 மீட்டர் தூரம். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் அப்படியொரு கருவியை வண்டியிலேயே ஏற்றி வைத்திருக்கிறது. செலவும் ஆட்களும் வேறு ரகம் என்பதால் இங்கே ப்ரிஸம் முறையோடு நிறுத்திக்கொள்வோம்.

எந்த அலைநீளம்

மீத்தேனுக்கு 1653.7 நானோமீட்டரில் ஒரு நல்ல உட்கவர் கோடு, அதாவது அது ஒளியை விழுங்கும் குறுகிய அலைநீளப் பட்டை, இருக்கிறது. நெருக்கமான சில கோடுகள் காற்றழுத்தத்தில் அகன்று ஒன்றாகக் கலந்து நிற்பது அது. கரியமில வாயுவும் நீராவியும் அந்த இடத்தில் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. தகவல்தொடர்புத் துறைக்காக வளர்ந்த டையோடு லேசர்த் தொழில்நுட்பம் அந்த அலைநீளம் வரை எட்டுவதால் லேசரும் எளிதாகக் கிடைக்கும். கையடக்க லேசர் மீத்தேன் கருவிகள் பலவும் இதே கோட்டைத்தான் பார்க்கின்றன. வாங்குவதற்கு முன், எந்த வாயு எந்த அலைநீளத்தை விழுங்கும் என்று தொகுத்த ஹிட்ரான் தரவுத்தளத்தில் உங்கள் ஊர் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதத்தைக் கொடுத்து நிறமாலையை ஒருமுறை வரைந்து பாருங்கள். வறண்ட நாட்டுக்காரரின் வரைபடத்தை நம்பிச் சென்னையின் ஈரக்காற்றில் இறங்கக் கூடாது.

380 பிபிஎம்-மீட்டருக்கு இந்தக் கோட்டின் உச்சியில் குறையும் ஒளி சுமார் ஒன்றரை சதவீதம். அவ்வளவுதான். தூசு படிந்தாலே ஒளி பாதியாகும் களத்தில் இந்த ஒன்றரை சதவீதத்தை, அதிலும் அதன் சிறு மாற்றத்தைப் படிக்க வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் இதற்காகத்தான்.

பெட்டிக்குள்

1653.7 நானோமீட்டருக்கான டி.எஃப்.பி. லேசர் (ஒரே அலைநீளத்தில் ஒளிவிடும் டையோடு லேசர்), 14 கால் உள்ள உறையில், உள்ளேயே குளிர்விப்பானும் வெப்பநிலையை உணரும் 10 கிலோஓம் தெர்மிஸ்டரும் சேர்ந்து வரும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியர் கூடினால் அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. உட்கவர் கோட்டின் மொத்த அகலமே ஏறத்தாழ 0.04 நானோமீட்டர்தான். ஆகவே வெப்பநிலைக் கட்டுப்பாடு 0.01 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் பின்னால் எல்லாவற்றிலும் அவதி.

வெப்பநிலையை வைத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். மின்னோட்டத்தை வைத்துக் கோட்டின் மேல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் 0.2 நானோமீட்டர் அளவுக்கு வருடுங்கள். நொடிக்கு 50 முறை வருடினால் போதும். வருடும் அந்த மின்னோட்டத்தின் மேலேயே 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஏற்றி, திரும்பி வரும் ஒளியில் 20 கிலோஹெர்ட்ஸ் கூறை, ஒரே அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியில் எடுக்க வேண்டும். இதை இரண்டாம் ஒத்திசை என்பார்கள். ஒளி மெதுவாகக் கூடுவதும் குறைவதும் இதில் பெரும்பாலும் விழாது. கோட்டின் வளைவு மட்டும் விழும். சைன் அலையின் வீச்சு கோட்டின் அரை அகலத்தைப் போல் 2.2 மடங்கு இருக்கும்போது இந்தச் சமிக்ஞை உச்சம் தொடும். வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உச்சம் தாண்டி இறங்கத் தொடங்கும் இடத்தைக் கண்டு அங்கேயே வையுங்கள். உச்சியில் சரிவு சுழியம் என்பதால், அழுத்தம் சற்று மாறிக் கோடு அகன்றாலும் அளவு அதிகம் ஆடாது.

திரும்பும் ஒளியின் பலம் காற்றின் அலைச்சலால் நொடிக்கு நூறு முறை கூட மின்னும். இரண்டாம் ஒத்திசையை அதே கணத்தின் முதல் ஒத்திசையால், அதாவது 10 கிலோஹெர்ட்ஸ் கூறால் வகுத்துவிட்டால் அந்த மினுக்கம் இரண்டிலும் ஒரேபோல் இருப்பதால் அடிபட்டுப்போகும். முதல் ஒத்திசை இல்லாமல் பதிவு செய்த தரவைப் பின்னால் காப்பாற்ற வழியில்லை. இரண்டையும் தனித்தனியே சேமித்து வையுங்கள்.

கற்றையில் சிறு பங்கைப் பிரித்து, மீத்தேன் அடைத்த சிறு கண்ணாடிச் செல் வழியாக இன்னொரு ஃபோட்டோடையோடுக்கு அனுப்புவது அவசியம். லேசர் கோட்டின் மேல்தான் நிற்கிறதா என்பதற்கு அதுவே சாட்சி. செல்லில் மூன்றாம் ஒத்திசை (30 கிலோஹெர்ட்ஸ் கூறு) சுழியத்தைக் கடக்கும் இடத்தில் லேசரைப் பூட்டலாம். உணரி இரண்டும் இண்டியம் கேலியம் ஆர்செனைடு வகை. முதன்மை உணரிக்கு முன்னால் 1650 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டை வடிகட்டி இல்லாவிட்டால் வெயில் வெளிச்சமே அதை நிரப்பிவிடும்.

எதிர்முனைக்குச் சர்வேக்காரர்கள் தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனுக்கு வைக்கும் ப்ரிஸமே போதும். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ளது எளிதாகக் கிடைக்கும். கற்றையின் விரிவு ஒரு மில்லிரேடியன் என்றால் 150 மீட்டரில் அது 15 செ.மீ. வட்டம், ஒரு ப்ரிஸம் அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். மூன்று ப்ரிஸச் சட்டம் வைத்தால் தாராளம். ப்ரிஸம் கொஞ்சம் திரும்பி நின்றாலும் ஒளி வந்த வழியே போகும். அதனால் தட்டைக் கண்ணாடியை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

இடம்

சென்னையின் பெருங்குடிக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. சதுப்பு நிலம் தானாகவே மீத்தேன் விடும். பக்கத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். மேயும் மாடுகளும் உண்டு. கற்றைக்குக் காற்று வரும் பக்கமாக நாலைந்து எருமைகள் நின்று அசைபோட்டால் அதுவும் எண்ணில் தெரியும். இந்த நிலையில் மேட்டின் ஒரு பக்கம் மட்டும் 3.4 பிபிஎம் என்று அளந்து, அதிலிருந்து உலகச் சராசரியான 1.9-ஐக் கழித்து, மிச்சமெல்லாம் குப்பையுடையது என்று எழுதினால் அந்த அறிக்கை பொய். காற்று மேட்டுக்குள் நுழையும் பக்கம் ஒரு கற்றைக் கோடு, வெளியேறும் பக்கம் ஒரு கற்றைக் கோடு. இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒரே கருவிதான் கையில் இருக்கிறது என்றால், சுழலும் தலையில் ஏற்றி இரு திசையில் இரு ப்ரிஸம் வைத்து மாறிமாறிப் பாருங்கள். அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

சென்னையில் கோடை நாட்களில் காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறியதும் கிழக்கு, தென்கிழக்குக்குத் திரும்பிவிடும். காலையில் 'சுத்தக் காற்று'க் கோடாக இருந்தது மதியம் 'குப்பைக் காற்று'க் கோடாகும். திரும்பும் அந்த அரைமணி, முக்கால் மணி நேரத் தரவு எதற்கும் ஆகாது, தூக்கிப் போடுங்கள்.

கோட்டை மேட்டின் அடிவாரத்தோடு ஒட்டிப் போடாதீர்கள். காற்று மேட்டின் மேல் ஏறி இறங்கும்போது அடிவாரத்தில் சுழல் உண்டாகும். பின்னால் வரும் கணக்குமுறைகள் எல்லாம் தரை சமமாக இருப்பதாக நினைத்துப் போடப்பட்டவை. மேட்டின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி நிற்க இடமிருந்தால் நல்லது. உயரம் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர். கிழக்கு மேற்காகக் கோடு போட நேர்ந்தால், காலையிலோ மாலையிலோ சூரியன் ப்ரிஸத்துக்குப் பின்னால் நேராக வந்து நிற்காதபடி எந்த முனையில் கருவி என்று முடிவு செய்யுங்கள்.

மாநகராட்சி அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். 1653 நானோமீட்டர் ஒளி விழித்திரைக்குப் போகாமல் கண்ணின் முன்பகுதியிலேயே நின்றுவிடும் என்பதால் 10 மில்லிவாட்டுக்குள் இருந்தால் முதல் வகுப்பு (கண்ணுக்குத் தீங்கற்ற வகை) லேசராகவே கணக்கு. ஆபத்து அதோடு சேர்த்துக் கட்டும் சிவப்பு வழிகாட்டி லேசரில்தான். அது 1 மில்லிவாட்டுக்குள் இருக்கட்டும், கற்றையைப் பிடித்ததும் அணைத்துவிடுங்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும். வாயுக் குழாய் வாய்களுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரை வைப்பவர்களும் இருக்கிறார்கள்!

கற்றையைப் பிடிப்பது

முக்காலியின் கால்களைக் குப்பை மண்ணில் நேரடியாக ஊன்றினால் மாலைக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கும் கீழே கற்பலகையோ தடித்த பலகையோ போட்டு, நடுவில் மணல் மூட்டை தொங்கவிடுங்கள். ஒரு மில்லிரேடியன் சாய்ந்தால் 100 மீட்டரில் கற்றை 10 செ.மீ. தள்ளிப்போகும்.

முதலில் 10 மீட்டரில் ப்ரிஸத்தை வைத்துச் சிவப்பு லேசரும் அகச்சிவப்புக் கற்றையும் ஒன்றாகப் போகின்றனவா என்று சரிபாருங்கள். அகச்சிவப்புக் கற்றை கண்ணுக்குத் தெரியாது. இந்த அலைநீளம் கைபேசிக் கேமராவுக்கும் தெரியாது. உணரும் அட்டை வேண்டும். பிறகு ப்ரிஸத்தை முழுத் தூரத்துக்கு எடுத்துப்போய்ச் சிவப்புப் புள்ளியால் தேடிப் பிடித்து, கடைசித் திருத்தத்தை உணரியின் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். உச்சம் கிடைத்ததும் இடம், வலம், மேல், கீழ் நான்கு பக்கமும் நகர்த்தி, எவ்வளவு நகர்ந்தால் பாதியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் நிறுத்தினோம் என்று நினைத்துக் கற்றையின் ஓர வளையத்தில் நிறுத்தியவர்கள் பலர்.

தூரத்தை டேப்பால் அளக்காதீர்கள். லேசர் தூரமானியோ டோட்டல் ஸ்டேஷனோ போதும். 150 மீட்டரில் ஒரு மீட்டர் பிசகினால் 0.7 சதவீதம் போயிற்று.

அளவுத்திருத்தம்

10 செ.மீ. நீளச் செல்லில் நைட்ரஜனில் கலந்த 5000 பிபிஎம் மீத்தேன் என்றால் 500 பிபிஎம்-மீட்டர். கற்றையின் வழியில் இதைச் செருகினால் எண் சரியாக 500 ஏற வேண்டும். இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, செல்லை வெளியே போகும் கற்றையில் மட்டும் வைத்தீர்களா, போய் வரும் இரண்டிலுமா? இரண்டிலும் என்றால் அது 1000. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. மூடி அடைத்த செல்லில் மாறாமல் இருப்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கை; பிபிஎம் அல்ல. 25 டிகிரியில் நிரப்பிய செல்லை 40 டிகிரி வெயிலில் வைத்தால், சுற்றியுள்ள காற்று 5 சதவீதம் மெலிந்திருக்கும், உள்ளே மெலியவில்லை. அந்தச் செல் இப்போது 525 பிபிஎம்-மீட்டருக்குச் சமம். இதைத் திருத்தாமல் 'கருவி மதியத்தில் 5 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது' என்று லேசர் மேல் பழி போடுவது வழக்கம்.

வெற்றுச் செல் ஒன்றும் கையில் இருக்கட்டும். அதைச் செருகினால் எண் மாறவே கூடாது. மாறினால் செல்லின் சாளரத்தில் குறுக்கீடு இருக்கிறது.

செலவில்லாத இன்னொரு சோதனை காற்றே. குப்பையும் சதுப்பும் இல்லாத இடத்தில், காற்று நன்றாக வீசும் மதியத்தில் அளந்தால் 1.9-க்கும் 2-க்கும் பக்கத்தில் வர வேண்டும். 1.6 வந்தால் தூரத்தையோ அடித்தளத்தையோ (மீத்தேனே இல்லாதபோது கருவி காட்டும் அளவை) சந்தேகியுங்கள். எந்த மந்திரத்தாலும் காற்றில் மீத்தேன் அவ்வளவு குறையாது. ஒப்பிடும்போது ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். பனிநிலை 25 டிகிரி என்றால் காற்றில் 3 சதவீதத்துக்கு மேல் நீராவி. லேசர் காட்டும் 1.90, உலர்ந்த காற்றுக்கு 1.96. வெளியாகும் உலக எண்கள் எல்லாம் உலர்ந்த காற்றுக்கானவை.

கெடுவது எங்கே

பெரிய தலைவலி குறுக்கீட்டு அலை. எதிரெதிராக உள்ள இரண்டு பரப்புகளுக்கிடையே ஒளி முன்னும் பின்னும் போய்வந்தால், வருடும்போது அடித்தளம் அலையலையாக ஆடும். காற்றில் இரண்டரை செ.மீ. இடைவெளி என்றால் அலையின் நீளம் 0.055 நானோமீட்டர். உட்கவர் கோட்டின் அகலத்தோடு கிட்டத்தட்டப் பொருந்துவதால் இதைவிட மோசமான இடைவெளி கிடையாது. அலை தன்னை மீத்தேன் என்று காட்டிக்கொள்ளும். வெயிலில் பரப்புகள் விரிய விரிய அது மெல்ல நகர்ந்து, அரைமணிக்கு ஒருமுறை மீத்தேன் கூடிக் குறைவதுபோல் அழகான வளைவு வரையும். அடையாளம் எளிது: காற்றின் திசைக்கும் வேகத்துக்கும் அது அசையாது, பெட்டியின் வெப்பநிலைக்கு மட்டும் அசையும். சாளரங்கள் ஆப்பு வடிவில் இருக்க வேண்டும், ஒன்றோடொன்று இணையாக இல்லாமல் சாய்த்து வைக்க வேண்டும், உணரியின் கண்ணாடியும் சேர்த்து.

வெப்பம் அடுத்தது. பெட்டிக்கு வெள்ளைப் பூச்சு, மேலே காற்றோட்டமுள்ள தனிக் கூரை. லேசரை 30 டிகிரியை ஒட்டி ஓட்டும்படி தேர்ந்தெடுங்கள். 15 டிகிரிக்கு இறக்கினால் குளிர்விப்பான் மூச்சு வாங்கும், சென்னை ஈரத்தில் குளிர்ந்த பாகத்தின் மேல் பனி முத்துகளும் கட்டும். ப்ரிஸத்தில் விடியற்காலை பனி படியும். அதைத் துணியால் தேய்க்க வேண்டாம்; வெயில் ஏறினால் தானே போகும், அல்லது சிறு ஹீட்டர் கம்பி சுற்றுங்கள். கடலோரத்தில் உப்பும் படியும். அதைக் காய்ச்சி வடித்த நீரால் நனைத்துக் கரைத்த பின்பே துடைக்க வேண்டும், இல்லையேல் கீறல். ப்ரிஸத்தின் முகப்புக் குழலில் குளவி கூடு கட்டுவதும் நடக்கும்.

புகை, மூடுபனி, மழை மூன்றும் எல்லா அலைநீளத்தையும் ஒரேபோல் மறைப்பதால், வகுத்த எண்ணைத் திரிப்பதில்லை, ஒளியைத்தான் குறைக்கும். சுத்தமான நாளின் ஒளியில் பத்தில் ஒன்றுக்குக் கீழே போன தரவு வரிகளை நீக்கும்படி ஒரு வரம்பு வையுங்கள். லாரி கற்றையைக் கடந்த நொடிகளும் அதிலேயே கழிந்துவிடும்.

பிபிஎம்மிலிருந்து கிலோவுக்கு

கணக்குக்காக ஒரு நாளை எடுப்போம்: காற்று நுழையும் பக்கம் 1.98 பிபிஎம், வெளியேறும் பக்கம் 3.40, வித்தியாசம் 1.42. 30 டிகிரி, 1005 ஹெக்டோபாஸ்கலில் ஒரு பிபிஎம் மீத்தேன் என்பது கனமீட்டருக்கு 0.64 மில்லிகிராம். ஆக 0.91 மில்லிகிராம். கோட்டின் நீளம் 150 மீட்டர், காற்று நொடிக்கு 3 மீட்டர், வாயு 10 மீட்டர் உயரம் வரை சீராகக் கலந்திருக்கிறது என்று வைத்தால், நொடிக்கு 4.1 கிராம், மணிக்குச் சுமார் 15 கிலோ. அந்த 10 மீட்டரை யார் அளந்தது? யாரும் இல்லை. 20 என்றால் விடை 30 கிலோ. இந்தப் பெட்டிக் கணக்கு ஒப்பீட்டுக்கு உதவும், அறிக்கைக்கு உதவாது.

சரியான வழி, மீயொலி காற்றுமானியை நொடிக்கு 10 முறை பதிவு செய்து, கோட்டிலிருந்து காற்றுத் துகள்களைப் பின்னோக்கி ஓடவிட்டு எத்தனை மேட்டில் பட்டு வந்தன என்று கணக்கிடுவது. விண்ட்ட்ராக்ஸ் என்ற மென்பொருள் இதைச் செய்யும். 15 அல்லது 30 நிமிடச் சராசரிகளாகக் கொடுங்கள். உராய்வு வேகம் (தரையோரக் காற்றின் கலக்கத்தைக் காட்டும் அளவு) நொடிக்கு 0.15 மீட்டருக்குக் கீழே போனதையும், ஒபுகோவ் நீளம் (காற்றடுக்கின் நிலைத்தன்மையைக் காட்டும் அளவு) 10 மீட்டருக்குள் சுருங்கியதையும் நீக்குங்கள். இப்படி நீக்கினால் இரவுத் தரவில் பெரும்பகுதி போய்விடும். போகட்டும். இரவில் காற்று படுத்துவிடுவதால் கசிவு அதேயளவு இருந்தாலும் தரையோரம் பிபிஎம் ஏறிக்கொண்டே போகும். விடியற்காலை 6 மணி எண்ணையும் மதியம் 1 மணி எண்ணையும் பக்கத்தில் வைத்து 'இரவில்தான் அதிகம் கசிகிறது' என்று எழுதுவது இந்தத் தவறுதான்.

இன்னொரு வழியும் உண்டு: அசிட்டிலின் வாயுவை மேட்டின் நடுவிலிருந்து தெரிந்த வேகத்தில் விட்டு, காற்றுப்போக்கில் தொலைவில் இரண்டு வாயுவின் விகிதத்தையும் அளந்தால் காற்றுக் கணக்கே தேவைப்படாது. அசிட்டிலினுக்கு 1530 நானோமீட்டரை ஒட்டி நல்ல கோடுகள் உண்டு. இரண்டாவது லேசர் வேண்டும். சிலிண்டரும் மேடும் இரண்டுமே எரியக்கூடியவை என்பதால் தீயணைப்பு ஏற்பாடு இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

கருவியைக் கழற்றுமுன் 500 பிபிஎம்-மீட்டர் செல்லை இன்னொரு முறை செருகிப் பதிவு செய்யுங்கள், அப்போதைய வெப்பநிலையோடு. காலையில் 500, மாலையில் திருத்திய பிறகும் 470 என்றால், அன்றைய தரவில் எந்த மணியிலிருந்து நழுவியது என்று சாட்சிச் செல்லின் பதிவில் தேட வேண்டும். சராசரி எடுத்துச் சமன் செய்யக் கூடாது.